எல்லை தாண்டிக் குடியிருக்கும் டச்சுக்காரர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெதர்லாந்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் நெய்மேகன் நகரத்தில் சம்பளக் கணக்குப் போடுவது என் பிழைப்பு. இங்கிருந்து ஜெர்மன் எல்லை சைக்கிள் மிதிக்கிற தூரம்தான். நான் சம்பளம் போடும் டச்சுக்காரர்களில் பல பேர் காலையில் ஜெர்மனியில் எழுந்து பல் துலக்கிவிட்டு இங்கே வேலைக்கு வருகிறார்கள், சிலர் இங்கே தூங்கி அங்கே போகிறார்கள், சிலர் வீடு வேலை இரண்டையுமே அங்கே மாற்றிக்கொண்டு வருஷக் கடைசியில் மட்டும் ஒரு படிவத்தோடு வந்து நிற்கிறார்கள். டச்சு பாஸ்போர்ட் வாங்கிவிட்ட நம்ம ஊர்க்காரர்களும் இப்போது அதே பாதையில் வீடு தேடுகிறார்கள்.

எல்லோரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள். வாட்ஸ்அப்பில் தனித்தனியாகக் குரல் பதிவு அனுப்பி அலுத்துவிட்டதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன், டச்சில் கேட்டதை மட்டும் தமிழாக்கிக்கொண்டேன்.

டச்சுக்காரங்க ஏன் ஜெர்மனியில போய் வீடு வாங்குறாங்க? இவங்க நாடே பணக்கார நாடாச்சே?

பணக்கார நாடு, ஆனால் இடம் இல்லாத நாடு. நெய்மேகனில் இரண்டு பக்கமும் சுவர் ஒட்டிய வரிசை வீடு வாங்குகிற காசுக்கு, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி ஜெர்மன் பக்கத்தில் நாலு புறமும் தோட்டத்தோடு தனி வீடு கிடைத்த காலம் ஒன்று இருந்தது. 1990-களிலும் 2000-களிலும் போனவர்கள் பெரும்பாலும் அதைப் பார்த்துப் போனவர்கள். இப்போது இடைவெளி குறைந்திருக்கிறது, ஆனாலும் இருக்கிறது.

விலைச் சீட்டை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். எல்லையை ஒட்டிய நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலன் மாநிலத்தில் வீடு வாங்கினால் 6.5 சதவீதம் பத்திர வரி. நெதர்லாந்தில் குடியிருக்கவென்று வாங்குபவருக்கு 2 சதவீதம்தான். டச்சு வங்கி வீட்டின் முழு மதிப்புக்கும் கடன் தரும். ஜெர்மன் வங்கி அந்தப் பத்திரச் செலவையும் அதற்கு மேல் கொஞ்சத்தையும் கையில் வைத்திருக்கிறாயா என்று கேட்கும். கையில் சேமிப்பு இல்லாத இளம் ஜோடிகள் இந்த இடத்தில்தான் திரும்பி வருவார்கள்.

வாடகைக்குப் போனால் வேறு கூத்து. ஜெர்மனியில் வாடகை வீட்டில் சமையலறை இருக்கும், சமையல் மேடை இருக்காது. வெறும் சுவர், அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு குழாய், ஒரு மின் இணைப்பு. முன்பு இருந்தவர் மேடை, அலமாரி, பாத்திரத் தொட்டி எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போயிருப்பார். இதைப் பார்த்துச் சிரிக்கும் டச்சுக்காரர்களுக்கு ஒன்று சொல்வேன்: உங்கள் ஊரில் வாடகை வீட்டில் தரையே இருப்பதில்லையே, வெறும் சிமென்ட்டைத்தானே கொடுக்கிறீர்கள்.

எத்தனை பேர் இப்படி இருக்காங்க? எந்தெந்த ஊர்ல?

நெதர்லாந்துக்கு ஐரோப்பாவில் பக்கத்து நாடுகள் இரண்டுதான், ஜெர்மனியும் பெல்ஜியமும். ஒவ்வொன்றிலும் சுமார் ஒன்றரை லட்சம் டச்சுக் குடிமக்கள் இருக்கிறார்கள். ஜெர்மன் பக்கத்தில் கிரானென்புர்க், எமரிக், க்ரோனாவ், பாட் பென்ட்ஹைம் என்று எல்லையோர ஊர்கள். கிரானென்புர்க்கில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் டச்சுக்காரர், ரொட்டிக் கடையில் டச்சில் கேட்டால் டச்சிலேயே பதில் வரும். பெல்ஜியப் பக்கத்தில் ஆன்ட்வெர்ப்புக்கு வடக்கே இருக்கும் ஊர்களும், மாஸ்ட்ரிக்டை ஒட்டிய லானாகனும்.

முன்பு காற்று எதிர்ப்பக்கம் வீசியது. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் வெஸ்ட்ஃபாலியாவிலிருந்து ஏழை ஜெர்மானியர்கள் புல் அறுக்கவும், அடுப்பெரிக்கச் சதுப்பு நிலத்துக் கரிமண் வெட்டவும் ஹாலந்துக்குக் கூட்டம் கூட்டமாக நடந்து வந்தார்கள். துணி மூட்டையோடு வந்த வியாபாரிகளும் உண்டு. மெட்டிங்கன் ஊரிலிருந்து வந்த அப்படியொரு குடும்பத்தின் சகோதரர்கள் 1841-இல் ஸ்னேக் நகரத்தில் தொடங்கியதுதான் இன்றைய சி அண்ட் ஏ துணிக்கடை.

எமரிக்கை ஒட்டிய எல்டன் கிராமத்தின் கதை இன்னும் வேடிக்கை. போருக்குப் பிறகு 1949-இல் நெதர்லாந்து அதை எடுத்துக்கொண்டது, 1963-இல் திருப்பிக் கொடுத்தது. கொடுப்பதற்கு முந்தின இரவு வியாபாரிகள் வெண்ணெயும் காபியும் ஏற்றிய லாரிகளைக் கிராமம் முழுக்க நிறுத்தி வைத்தார்கள். நள்ளிரவில் எல்லைக் கோடு நகர்ந்தது, லாரிகள் ஓர் அடி நகரவில்லை, சரக்கு மட்டும் சுங்கமில்லாமல் ஜெர்மனிக்குள் வந்துவிட்டது. இன்றும் அந்த இரவுக்கு வெண்ணெய் இரவு என்றுதான் பெயர்.

பக்கத்து நாடுதானே, விசா கிசா எதுவும் வேணாம்ல?

வேண்டாம். டச்சு பாஸ்போர்ட் இருந்தால் குடியிருக்கவும் வேலை பார்க்கவும் யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. ஆனால் பதிவு கட்டாயம். ஜெர்மனியில் குடிபுகுந்து இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும், வீட்டுக்காரர் கையெழுத்திட்ட ஒரு தாளும் கூடவே வேண்டும். அதற்குப் பெயர் ஆன்மெல்டுங். இது இல்லாமல் வரி எண் வராது, வங்கிக் கணக்கு இழுத்தடிக்கும். பெல்ஜியத்தில் பதிந்த பிறகு வட்டாரக் காவலர் ஒருவர் நேரில் வந்து, நீங்கள் நிஜமாகவே அங்கே குடியிருக்கிறீர்களா என்று கதவைத் தட்டிப் பார்ப்பார்.

கிளம்பும் பக்கத்தையும் மறக்கக் கூடாது. ஒரு வருஷத்தில் எட்டு மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் இருக்கப்போகிறீர்கள் என்றால் டச்சு நகராட்சியில் பெயரை நீக்கச் சொல்ல வேண்டும். பி.எஸ்.என். எண், அதாவது டச்சு அரசு ஒவ்வொருவருக்கும் தரும் அடையாள எண், போய்விடுமோ என்று பயப்படுகிறார்கள். போகாது, அது ஆயுளுக்கும் உங்களுடையது. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க ஹேக், என்ஸ்கெடே, மாஸ்ட்ரிக்ட் போன்ற குறிப்பிட்ட நகராட்சிகளுக்குப் போகலாம்.

2024 செப்டம்பரில் ஜெர்மனியும் அந்த டிசம்பரில் நெதர்லாந்தும் எல்லையில் ஆங்காங்கே நிறுத்திச் சோதிக்கத் தொடங்கின. தினமும் போய்வருபவர்கள் அடையாள அட்டையைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு ஒரு நாடு, வேலை ஒரு நாடுன்னா ரெண்டு இடத்துலயும் வரி கட்டணுமா?

இந்தப் பதிலை மட்டும் இரண்டு முறை படியுங்கள், கீழே பாதிக் கேள்விகளுக்கு இதைத்தான் திருப்பிக் காட்டப்போகிறேன். யார் வந்து கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது இரண்டு: இரவு எந்த நாட்டில் தூங்குகிறாய்? பகலில் எந்த நாட்டில் நின்று வேலை பார்க்கிறாய்? முதலாளி எந்த நாட்டுக்காரர் என்பதுகூட அதற்கு அப்புறம்தான்.

சம்பளத்துக்கு வரி பொதுவாக வேலை பார்க்கிற நாட்டில். கிரானென்புர்க்கில் குடியிருந்து நெய்மேகனில் வேலை பார்ப்பவர் சம்பள வரியை நெதர்லாந்தில் கட்டுகிறார். ஜெர்மனி அந்தச் சம்பளத்தின் மேல் கை வைக்காது, ஆனால் வாடகை வருமானம் மாதிரி வேறு ஏதாவது அங்கே இருந்தால் அதற்கு எந்த வரி விகிதம் என்று முடிவு செய்யும்போது மட்டும் இந்தச் சம்பளத்தையும் சேர்த்துப் பார்க்கும். ஆக, இரண்டு முறை கட்டுவதில்லை, ஆனால் இரண்டு இடத்திலும் கணக்குக் காட்ட வேண்டி வரலாம்.

மொத்த வருமானத்தில் 90 சதவீதமாவது நெதர்லாந்தில் வரிக்கு உட்பட்டால், வெளியே குடியிருந்தாலும் உள்ளே இருப்பவர் மாதிரியே சலுகைகள் உண்டு, அந்த ஜெர்மன் வீட்டுக் கடனின் வட்டிக் கழிவு உட்பட. ஜெர்மனியில் வேலை பார்த்து ஜெர்மனியிலேயே குடியிருந்தால் அந்தக் கழிவு கிடையாது, சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் வட்டிக்கு அங்கே கழிவே இல்லை. வீடு வாங்கிய பிறகு வேலையையும் அந்தப் பக்கம் மாற்றிக்கொண்ட ஒருவர், மாதக் கணக்கு ஏன் திடீரென்று இடிக்கிறது என்று என்னிடம் வந்தார். இதுதான் காரணம்.

உடம்பு சரியில்லன்னா எந்த ஊர் டாக்டர்?

காப்பீடும் வேலை பார்க்கிற நாட்டோடு போகும். நெதர்லாந்தில் வேலை, ஜெர்மனியில் வீடு என்றால் டச்சுக் காப்பீடு கட்டாயம். அந்த நிறுவனத்திடம் எஸ் 1 படிவம் வாங்கி ஜெர்மனியில் ஒரு கிராங்கன்காஸவில், அதாவது அவர்கள் மருத்துவக் காப்பீட்டு நிதியில், கொடுத்துவிட்டால் இரண்டு பக்கமும் பார்த்துக்கொள்ளலாம். தலைகீழாக, ஜெர்மனியில் வேலை பார்த்து நெதர்லாந்தில் குடியிருப்பவர் ஜெர்மன் காப்பீட்டில் சேர்ந்து படிவத்தை டச்சுப் பக்கம் கொடுக்க வேண்டும்.

இரண்டு பக்கமும் பார்க்க முடிகிற ஆட்களுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். டச்சுக் குடும்ப மருத்துவர் எதற்குப் போனாலும் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு ஒரு வாரம் பார் என்பார், அவர் சீட்டு இல்லாமல் சிறப்பு மருத்துவரை நெருங்க முடியாது. ஜெர்மனியில் நேராகவே தோல் மருத்துவரிடமோ எலும்பு மருத்துவரிடமோ நேரம் கேட்கலாம். ஜெர்மன் அரசுக் காப்பீட்டில் வேலையில்லாத துணையையும் பிள்ளைகளையும் காசில்லாமல் சேர்க்கலாம். டச்சு முறையில் பெரியவர் ஒவ்வொருவருக்கும் தனிச் சந்தா, அதற்கு மேல் வருஷத்துக்கு முதல் 385 யூரோ கைக்காசு.

காரோட மஞ்சள் நம்பர் பிளேட் அப்படியே இருக்கட்டுமே?

அந்த மஞ்சள் டச்சுப் பலகை இருக்கக் கூடாது. ஜெர்மனியில் குடியிருப்பவர் கார் ஜெர்மனியில் பதிவாக வேண்டும். என் முன்னாள் பக்கத்து வீட்டுக்காரர் அரை வருஷம் மஞ்சள் பலகையோடு ஓட்டிவிட்டு ஒருநாள் காவலரிடம் மாட்டி, விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்து, வரியையும் பின்தேதியிட்டுக் கட்டினார். காரை வெளிநாட்டுக்கு எடுத்துப் போவதால், வாங்கும்போது கட்டிய டச்சுப் பதிவு வரியில் மிச்சத்தைத் திருப்பிக் கேட்கலாம், பல பேர் கேட்பதே இல்லை. பனிக்காலத்தில் குளிர்கால டயரும் மாட்டுங்கள், ஜெர்மனியில் அது விருப்பம் சார்ந்த விஷயம் இல்லை.

ஜெர்மனியில சாமிக்கும் வரி உண்டாமே?

சாமிக்கு இல்லை, சபைக்கு. மேலே சொன்ன ஆன்மெல்டுங் படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம் இருக்கும். சின்ன வயதில் ஞானஸ்நானம் வாங்கியதோடு சரி, அப்புறம் தேவாலயத்துப் பக்கமே போகாத டச்சுக்காரர் அதில் கத்தோலிக்கர் என்று எழுதுவார். ஜெர்மனியில் வேலை பார்ப்பவராக இருந்தால் அடுத்த சம்பளச் சீட்டில் தேவாலய வரி என்று ஒரு வரி புதிதாக முளைக்கும். நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலனில் அது வருமான வரியில் 9 சதவீதம், வருமானத்தில் இல்லை. வெளியேற வேண்டுமானால் அந்த மாநிலத்தில் உள்ளூர் நீதிமன்றத்துக்குப் போய் 30 யூரோ கட்டணம் கட்டி எழுதிக் கொடுக்க வேண்டும். நெதர்லாந்தில் வேலை பார்ப்பவருக்கு ஜெர்மன் சம்பள வரி இல்லாததால் சம்பளத்திலிருந்து இது பிடிபடாது, அதே இரண்டு கேள்விதான்.

வானொலி-தொலைக்காட்சிக் கட்டணத்துக்கு அந்தச் சலுகை எதுவும் இல்லை. வீட்டில் பெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதம் 18.36 யூரோ. நெதர்லாந்தில் இப்படியொரு கட்டணம் 2000-இலேயே ஒழிந்துவிட்டதால், முதல் கடிதம் வரும்போது மோசடிக் கடிதம் என்று கிழித்துப் போட்டவர்கள் உண்டு. கிழிக்காதீர்கள்.

டச்சும் ஜெர்மனும் கிட்டத்தட்ட ஒண்ணுதானே, மொழி பிரச்சனை வராதுல்ல?

ஒன்று மாதிரி இருப்பதுதான் பிரச்சனையே. டச்சில் பெல்லன் என்றால் தொலைபேசியில் கூப்பிடுவது, ஜெர்மனில் அதே ஒலிக்கு அர்த்தம் குரைப்பது. நாளைக்குக் காலையில் உங்களைப் பார்த்துக் குரைக்கிறேன் என்று புது மேலாளரிடம் பணிவாகச் சொல்லிவிட்டு வந்த ஆளை எனக்குத் தெரியும். டச்சில் ஸ்லிம் என்றால் புத்திசாலி, ஜெர்மனில் ஷ்லிம் என்றால் மோசம். டச்சில் ஸே கடல், மேர் ஏரி. ஜெர்மனில் மேர் கடல், ஏரிதான் ஸே.

அதைவிடப் பெரிய சிக்கல் மரியாதை. நமக்கு நீ, நீங்கள் பழக்கம் இருப்பதால் உடனே புரியும். டச்சு அலுவலகத்தில் இயக்குநரை முதல் நாளே பெயர் சொல்லி அழைப்பார்கள், கூட்டத்தில் உங்கள் திட்டம் சரியில்லை என்று முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். ஜெர்மன் அலுவலகத்தில் நீங்கள் என்பதிலிருந்து நீ என்பதற்கு இறங்க, மூத்தவர் முதலில் சொல்ல வேண்டும். சில இடங்களில் பல வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தும் குடும்பப் பெயர் போட்டே அழைத்துக்கொள்கிறார்கள். டச்சுக்காரர் நட்பாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார், ஜெர்மானியர் இவனுக்கு வளர்ப்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

அப்போ பெல்ஜியத்துக்குப் போனா சுலபம், அங்க டச்சுதானே பேசறாங்க?

வடக்குப் பாதியில் பேசுகிறார்கள். ஆனால் அங்கே ஸ்கோன் என்றால் அழகு, இங்கே சுத்தம். இங்கே லோப்பன் என்றால் நடப்பது, அங்கே ஓடுவது. மதுரைக்காரரும் யாழ்ப்பாணத்துக்காரரும் பேசிக்கொள்வது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், எல்லாம் புரியும், சில நேரம் தப்பாகப் புரியும். சத்தமாகப் பேசுகிறவன், கஞ்சன், எல்லாம் தெரிந்த மாதிரி நடப்பவன் என்று டச்சுக்காரர்களைப் பற்றி அங்கே ஒரு பெயர் உண்டு. முதல் வருஷம் கொஞ்சம் அடக்கி வாசித்தால் நல்லது.

பெல்ஜியத்துக்கு இடம் மாறிய வசதியான டச்சுக்காரர்கள் நிறைய பேர் வரியைப் பார்த்துப் போனவர்கள். நெதர்லாந்து சொத்தின் மேல் வருஷா வருஷம் வரி வாங்குகிற நாடு. ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. டச்சுக் குடிமகன் நாட்டை விட்டுப் போய் பத்து வருஷத்துக்குள் இறந்தாலோ சொத்தைத் தானம் கொடுத்தாலோ, அவர் இன்னும் நெதர்லாந்திலேயே இருப்பதாக வைத்துத்தான் வாரிசு வரியும் தான வரியும் போடுவார்கள். சாதாரணச் சம்பளக்காரருக்கு பெல்ஜியத்தில் சம்பளத்திலிருந்து பிடித்தம் அதிகம், அதற்கு ஈடாக விலைவாசியோடு சேர்ந்து சம்பளம் தானாகவே ஏறும்.

பிள்ளைங்க எந்த நாட்டுப் பள்ளிக்கூடம்? பிள்ளைப் பணம் யார் தருவாங்க?

டச்சுப் பிள்ளை நாலு வயதில் பள்ளிக்குப் போகும், ஜெர்மன் பிள்ளை ஆறு வயதில். ஜெர்மனியில் நாலாம் வகுப்பு முடிந்ததுமே, பத்து வயதில், மேல்நிலைப் பள்ளி எந்த வகை என்று பிரித்துவிடுவார்கள். டச்சில் அது பன்னிரண்டு வயதில். நடுவில் மாற்றினால் பிள்ளைதான் தடுமாறும், அதனால் எல்லை தாண்டிக் குடிபோன பல டச்சுக் குடும்பங்கள் பிள்ளையைத் தினமும் டச்சுப் பள்ளிக்கே கொண்டுவந்து விடுகின்றன. கட்டாயக் கல்விச் சட்டம் குடியிருக்கும் இடத்தைப் பார்ப்பதால், ஜெர்மன் பள்ளி அலுவலகத்தில் முன்பே எழுதி அனுமதி வாங்கிவிடுங்கள். அந்த ஊரிலேயே வளரப்போகிற பிள்ளை என்றால் அந்த ஊர்ப் பள்ளிதான் சரி என்பது என் கட்சி. இல்லாவிட்டால் தெருவில் விளையாட ஆள் இருக்காது.

பிள்ளைப் பணத்துக்கு, அதாவது பிள்ளைக்காக அரசு தரும் உதவித்தொகைக்கு, முதலில் வேலை பார்க்கிற நாடு பொறுப்பு. பெற்றோரில் ஒருவர் இங்கே, ஒருவர் அங்கே வேலை பார்த்தால் பிள்ளை வசிக்கிற நாடு முதலில் தரும், மற்ற நாட்டில் தொகை அதிகமாக இருந்தால் வித்தியாசத்தை அது தரும். ஜெர்மனியில் 2025-இல் பிள்ளைக்கு மாதம் 255 யூரோ. நெதர்லாந்தில் குறைவு, அதுவும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை. அதனால் வித்தியாசத்தைக் கேட்டு விண்ணப்பிப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

வாரத்துல ரெண்டு நாள் வீட்ல இருந்து வேலை பார்த்தா என்ன ஆகிடும்?

இப்போதெல்லாம் எனக்கு அதிகமாக வரும் கேள்வி இதுதான். பகலில் எந்த நாட்டில் நின்று வேலை பார்க்கிறாய் என்று கேட்டேனே, வீட்டில் மடிக்கணினியைத் திறந்த அந்த நாளில் அதற்குப் பதில் மாறிவிடுகிறது.

சமூகக் காப்பீட்டில் ஒரு ஆள் ஒரு நேரத்தில் ஒரே நாட்டில்தான் இருக்க முடியும். குடியிருக்கும் நாட்டில் 25 சதவீதமோ அதற்கு மேலோ வேலை பார்த்தால் மொத்தமும் அந்த நாட்டுக்குப் போய்விடும் என்பது அடிப்படை விதி. ஐந்தில் இரண்டு நாள் என்பது 40 சதவீதம், அப்படியென்றால் டச்சு முதலாளி ஜெர்மன் சந்தா கட்ட வேண்டி வரும், எந்த முதலாளிக்கும் அதில் சந்தோஷம் இருக்காது. இதற்காகவே 2023 ஜூலை 1 முதல் ஓர் உடன்பாடு இருக்கிறது. மூன்று நாடுகளுமே அதில் கையெழுத்திட்டிருக்கின்றன. வீட்டு வேலை 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், முதலாளியின் நாட்டிலேயே காப்பீடு தொடரலாம். தானாக நடக்காது, விண்ணப்பித்து ஏ 1 சான்று, அதாவது எந்த நாட்டுக் காப்பீட்டில் இருக்கிறீர்கள் என்று காட்டும் தாள், வாங்க வேண்டும்.

வரி இதற்குத் தனி வழியில் போகும். மேலே சொன்ன உடன்பாடு வரியைத் தொடாது. வீட்டிலிருந்து வேலை பார்த்த நாட்களின் சம்பளத்துக்கு வரி, குடியிருக்கும் நாட்டில். நெதர்லாந்தும் ஜெர்மனியும் 2025 ஏப்ரலில் கையெழுத்திட்ட திருத்தம், வருஷத்துக்கு 34 நாள் வரை இதைக் கண்டுகொள்ள வேண்டாம் என்கிறது. வாரம் ஒரு நாள் என்றாலே அதைத் தாண்டிவிடும். நாட்காட்டியில் குறித்து வையுங்கள், மார்ச் மாதத்தில் வந்து போன வருஷம் எத்தனை நாள் வீட்டில் இருந்தேன் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

வேலை போயிட்டா? இல்ல, நெடுநாள் படுத்துட்டா?

வேலை முழுவதுமாகப் போனால் உதவித்தொகை குடியிருக்கும் நாட்டில். இத்தனை வருஷமும் டச்சுச் சந்தா கட்டினேனே என்று எல்லோரும் கோபப்படுவார்கள். கட்டியதற்குச் சான்றாக யு 1 படிவம் வாங்கி ஜெர்மன் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் கொடுத்தால் அந்தச் சம்பளத்தை வைத்தே கணக்கிடுவார்கள். நெதர்லாந்தில் முதல் இரண்டு மாதம் சம்பளத்தில் 75 சதவீதம், பிறகு 70. ஜெர்மனியில் நிகரச் சம்பளத்தில் 60, பிள்ளை இருந்தால் 67.

படுத்துவிட்டால் வேலை பார்க்கிற நாட்டின் விதி. டச்சு முதலாளி இரண்டு வருஷம் வரை சம்பளத்தில் குறைந்தது 70 சதவீதம் தர வேண்டும். ஜெர்மன் முதலாளி ஆறு வாரம் முழுச் சம்பளம் தருவார், அதன் பின் காப்பீடு பார்த்துக்கொள்ளும், அதே நோய்க்கு மொத்தம் 78 வாரம் வரை. இரண்டு வருஷம் பாதுகாப்பு இருப்பதாக நினைத்துப் பழகிய டச்சுக்காரருக்கு 79-ஆவது வாரம்தான் அதிர்ச்சி.

ஓய்வூதியம் என்ன ஆகும்?

டச்சு முதியோர் ஓய்வூதியத்தை ஆ.ஓ.வே. என்பார்கள். நெதர்லாந்தில் காப்பீட்டில் இருக்கும் ஒவ்வொரு வருஷத்துக்கும் 2 சதவீதம், ஐம்பது வருஷத்தில் முழுத் தொகை. முப்பது வயதில் ஜெர்மனியில் வேலைக்குச் சேர்ந்து நாற்பத்தைந்தில் திரும்பினால் பதினைந்து வருஷம் போச்சு, 30 சதவீதம் குறையும். அந்தப் பதினைந்து வருஷத்துக்கு ஜெர்மனி தன் பங்கைத் தனியாகத் தரும். அங்கே குறைந்தது ஐந்து வருஷச் சந்தா வேண்டும், வேறு ஐரோப்பிய நாட்டில் கட்டியதையும் அதற்குச் சேர்த்துக்கொள்வார்கள். எல்லை தாண்டிக் குடியிருந்து நெதர்லாந்திலேயே வேலை பார்ப்பவருக்கு இந்த இழப்பு இல்லை. வேலை பார்க்காத துணைக்கு உண்டு, அதைத்தான் பல பேர் கவனிப்பதில்லை. கிளம்பிய ஒரு வருஷத்துக்குள் கேட்டால், பத்து வருஷம் வரை சொந்தக் காசில் தொடரலாம்.

ஜெர்மன் பாஸ்போர்ட்டும் எடுத்துக்கலாம்னு சொல்றாங்களே, டச்சு போயிடுமா?

ஜெர்மனி 2024 ஜூன் 27 முதல் இரட்டைக் குடியுரிமைக்குச் சரி என்கிறது. நெதர்லாந்து அப்படிச் சொல்லவில்லை. விரும்பிப் போய் இன்னொரு குடியுரிமை வாங்கினால் டச்சுக் குடியுரிமை அந்த நொடியே போய்விடும், கடிதம் கூட வராது. விலக்குகள் உண்டு: அந்த நாட்டுக் குடிமகனையோ குடிமகளையோ மணந்திருந்தால், அந்த நாட்டிலேயே பிறந்து அங்கே வசித்தால், பதினெட்டு வயதுக்கு முன் ஐந்து வருஷம் தொடர்ந்து அங்கே இருந்திருந்தால். இந்தியக் குடியுரிமையை விட்டுவிட்டு டச்சு வாங்கிய நம்மவர்கள் இதில் இரண்டு மடங்கு கவனம் வைக்க வேண்டும். ஜெர்மன் அலுவலர் நட்பாகச் சொல்வது ஜெர்மன் சட்டம் மட்டும்.

ஓட்டு எங்க போடுறது?

டச்சு நாடாளுமன்றத்துக்கு, ஹேக் நகராட்சியில் ஒரு முறை பதிந்துகொண்டால் தபாலில். குடியிருக்கும் ஊரில் நகராட்சித் தேர்தலுக்கு ஐரோப்பியக் குடிமகனாகப் போடலாம். ஜெர்மன் நாடாளுமன்றத்துக்கு முடியாது.

ஒருத்தர் இறந்துட்டா அந்த வீடு யாருக்கு?

இந்தக் கேள்வியை ஆரோக்கியமாக இருக்கும்போது யாரும் கேட்பதில்லை. டச்சுச் சட்டத்தில் உயில் இல்லாவிட்டாலும் எல்லாச் சொத்தும் துணைக்குப் போகும், பிள்ளைகளின் பங்கு ஒரு கடனாக ஏட்டில் இருக்கும், பொதுவாகத் துணையும் போன பிறகுதான் அது கைக்கு வரும். டச்சுத் தம்பதிகள் இதையே நம்பி உயில் எழுதாமல் இருந்துவிடுகிறார்கள்.

ஆனால் 2015 ஆகஸ்ட் 17 முதல் இறப்பவர்களுக்கு, கடைசியாக எந்த நாட்டில் வாழ்ந்தாரோ அந்த நாட்டுச் சட்டம் என்பது ஐரோப்பிய விதி. கிரானென்புர்க்கில் குடியிருந்தவர் இறந்தால் ஜெர்மன் சட்டம். அதில் துணையும் பிள்ளைகளும் சேர்ந்து அந்த வீட்டின் கூட்டு உரிமையாளர்கள் ஆகிறார்கள். விற்க வேண்டுமானால் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். பிள்ளைகளில் ஒருவர் பங்கைக் கேட்டு அடம்பிடித்தால் வீடு ஏலம் வரைக்கும் போகலாம், உள்ளே அம்மா குடியிருந்தாலும். எனக்கு டச்சுச் சட்டமே பொருந்தட்டும் என்று உயிலில் ஒரு வரி எழுதிவைத்தால் இது தீர்ந்தது. நோட்டரியிடம் ஒரு மதியம் செலவாகும். வரி வேறு விஷயம், அதற்குப் பெல்ஜியக் கேள்வியில் சொன்ன பத்து வருஷக் கணக்கு ஜெர்மனிக்கும் பொருந்தும்.

இதையெல்லாம் யார்கிட்ட போய் கேக்கறது? நீங்க எப்பவும் கூட இருக்க மாட்டீங்களே?

எல்லையோர ஊர்களில் கிரென்ஸ்இன்ஃபோபுன்ட் என்று தகவல் மையங்கள் இருக்கின்றன, க்ரோனாவிலும் ஆகனிலும் கூட. காசு கிடையாது, இரண்டு நாட்டுச் சட்டமும் தெரிந்தவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். போகும்போது சம்பளச் சீட்டும் வேலை ஒப்பந்தமும் எடுத்துப் போங்கள். அவர்களும் முதலில் அந்த இரண்டு கேள்வியைத்தான் கேட்பார்கள்.

கடைசியா ஒண்ணு, திரும்பி வரணும்னு தோணினா?

வரலாம், வந்த ஐந்து நாளுக்குள் நகராட்சியில் பதிய வேண்டும், அவ்வளவுதான். தடை காகிதத்தில் இல்லை, விலையில். அங்கே பெரிய தோட்ட வீட்டை விற்ற காசு இங்கே சின்ன அடுக்குமாடிக்கே இழுக்கும்.

பேரப்பிள்ளைகள் பக்கத்தில் இருக்க ஆசைப்பட்டு இருபது வருஷம் கழித்துத் திரும்பிய ஒரு ஜோடிக்கு நான் சாமான் தூக்க உதவினேன். வாடகை வீடு, மூன்றாம் மாடி. கிளம்பும்போது ஜெர்மன் பழக்கத்தில் சமையல் மேடை, அலமாரி, தொட்டி எல்லாவற்றையும் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். கதவைத் திறந்து பார்த்தால் உள்ளே மேடை ஏற்கனவே இருந்தது, தரைதான் இல்லை. அந்த அம்மா அந்தச் சிமென்ட்டில் நின்றுகொண்டு, மறந்தே போச்சே என்று சொல்லிச் சிரித்தார். கொண்டுவந்த அலமாரிகள் இப்போது என் கார் கொட்டகையில் இருக்கின்றன. ஜெர்மனிப் பக்கம் குடிபோகிற யாருக்காவது வேண்டுமானால் சொல்லுங்கள்.